அடைக்கு உட்காராத கோழி சிறுவிடை ஆகாது

சிறுவிடைக் கோழி வாங்க வருகிறவர் வாயில் முதலில் வருகிற கேள்வி, "வருசத்துக்கு எத்தனை முட்டை விடும்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை, காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக் கோழியைப் பொறுக்கிப் பெருக்க ஆரம்பித்தால், சில தலைமுறைக்குள் உங்கள் கொல்லையில் மேய்வது சிறுவிடை மாதிரி இருக்கிற வேறு ஏதோ ஒரு கோழியாக இருக்கும். நாட்டுக்கோழியை மீட்கிறேன் என்று நல்ல மனசோடு கிளம்புகிறவர்கள் கையிலேயே இது நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்தத் தப்பைச் செய்தவன்.

முதலில் கோழியைப் பற்றி. பேச்சில் 'சிறுவெடை' என்போம். பெட்டை ஒன்றேகால், ஒன்றரை கிலோ இருக்கும். சேவல் இரண்டு கிலோவை ஒட்டி நிற்கும். கால் மெலிசு, உடம்பு கச்சிதம், ஒரே தாவில் முருங்கை மரத்துக் கிளைக்குப் போய்விடும். இதற்குப் பெரியண்ணன்தான் பெருவிடை. சண்டைக்கோழி வம்சம், அசீல் என்று வடக்கே சொல்கிற இனத்தின் வழி, நல்ல சேவல் 4 கிலோவுக்கு மேலும் வரும். சிறுவிடையை நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. செவலை, கருப்பு, சாம்பல், வெள்ளையில் புள்ளி, கீரி நிறம் என்று ஒரே அடையில் பொரித்த பத்துக் குஞ்சும் பத்துத் தினுசாக வரும். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக்கோழி, தலையில் பூங்கொத்து மாதிரி இறகு வைத்த கொண்டைக்கோழி, குட்டைக்கால் கோழி எல்லாமே ஊருக்குள் இந்தக் கூட்டத்தோடுதான் மேயும். (கழுத்து மொட்டையாக இருப்பது அழகுக்குறை இல்லை. அந்த மரபணு உடம்பு முழுக்க இறகைக் குறைக்கிறது. தாய் தகப்பன் இரண்டு பக்கமும் அது வந்த கோழிக்கு இறகு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. சித்திரை வெயிலில் மற்ற கோழி வாயைப் பிளந்துகொண்டு நிழலில் நிற்கும்போது இது கிளறிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.)

பேரும் புகழும் எல்லாம் பெருவிடைக்கே போனது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல்லே உண்டு. சேவல் உருவம் செதுக்கி, வட்டெழுத்தில் அது எந்தச் சேரியின், அதாவது ஊரின் எந்தப் பகுதியின், கோழி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக் கல். உறையூருக்குக் கோழியூர் என்று பேர் வந்ததற்கு, யானையை எதிர்த்து நின்ற ஒரு கோழியின் கதையைச் சொல்வார்கள். கடல் தாண்டியும் போனது இந்த ரத்தம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள் அசீலையும் வேறு சில இனங்களையும் சேர்த்து உருவாக்கிய கோழிக்கு முதலில் 'இந்தியன் கேம்' என்றே பேர், அப்புறம்தான் கார்னிஷ் ஆனது. இன்றைய பிராய்லரின் தகப்பன் வழியில் இருப்பது அந்தக் கார்னிஷ்தான். ஆக, பல்லடத்துப் பண்ணையில் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுகிற வெள்ளைக்கோழியின் நெஞ்சுக்கறியில் நம்ம ஊர்ச் சண்டைச்சேவலின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. வேடிக்கைதான். சிறுவிடைக்கு இப்படி ஒரு வரலாறும் கிடையாது. அடைகாக்கிற பெட்டைக்கு யார் கல் நடுவார்?

ஆனால் பெருவிடை வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிறுவிடையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். பெருவிடைப் பெட்டை கனமானது, அடையில் உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைத்துவிடும். அதனால் விலை உயர்ந்த முட்டையை எடுத்துச் சிறுவிடைக்கு அடியில்தான் வைப்பார்கள். செவிலித்தாய் வேலை. பொரிப்பதும் வளர்ப்பதும் இது, பேர் மட்டும் அவங்களுக்கு.

சரி, அந்தச் செவிலித்தாய் செய்கிற வேலை என்னவென்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

எங்கள் அப்பத்தா கோழி கேறுகிற சத்தத்தை வைத்தே, "நாளைக்கு விட்டுரும் பாரு" என்று சொல்லும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை வரைக்கும் விட்டபின் ஒரு நாள் பெட்டையின் குணமே மாறிவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டப் போனால் கொத்தி, கூடையை விட்டு எழுந்திருக்காமல் கிடக்கும். நெஞ்சில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், முட்டைக்குச் சூடு நேராகப் போவதற்கான ஏற்பாடு அது. அப்போதுதான் அடை வைப்பது, சில ஊரில் அவயம் வைப்பது என்பார்கள். கூடையில் மணலோ உமியோ போட்டு, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்புத்துண்டு, காய்ந்த மிளகாய் இரண்டு. இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க என்று அப்பத்தா சொல்லும். இரும்பு இடியைத் தடுக்குமா என்பதை விடுங்கள், நானும் வைக்கிறேன்.

21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து வந்து, ஊரையே நாறடிக்கிற மாதிரி ஒரு எச்சம் போட்டு, அவசர அவசரமாகக் கம்பையும் குருணையையும் விழுங்கி, தண்ணீர் குடித்து, மண்ணில் ஒரு புரண்டு புரண்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். முட்டையை அலகால் தானே உருட்டிக்கொள்ளும், யாரும் சொல்லித்தரவில்லை. கடைசி ஓரிரு நாளில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு சத்தம் கொடுக்கும், தாய் அடித்தொண்டையில் பதில் சொல்லும். வெளியே வந்த குஞ்சுக்கு அந்தக் குரல் ஏற்கெனவே பழக்கம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கோழிக்கு வானத்தில் வருகிற எதிரிக்கு ஒரு குரல், தரையில் வருகிற எதிரிக்கு வேறு ஒரு குரல். பருந்தின் நிழல் விழுந்தால் மெலிசாக இழுத்து ஒரு சத்தம், அவ்வளவுதான், பத்துக் குஞ்சும் வேலியோரம் செடிக்கடியில் ஒட்டிக்கொண்டு அசையாது. கீரியோ பூனையோ வந்தால் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே எதிரே போய் நிற்கும். கரையான் புற்றைக் கிளறிக் காட்டுவது, தின்னக்கூடாததை எடுத்தால் நல்ல தீனியைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டுவது என்று இரண்டு மாசம் இப்படிப் போகும். ஒரு சிறுவிடைப் பெட்டையை உதிர்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்தக் குணங்கள்தான், இறகு நிறமோ காலின் நிறமோ இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். முட்டை விட இரண்டு மூன்று வாரம், அடையில் மூன்று வாரம், குஞ்சோடு இரண்டு மாசத்துக்கு மேல். வருசத்துக்கு மூன்று சுற்று, அதிகம் போனால் நான்கு. 40, 50 முட்டை. நாமக்கல் பண்ணையில் கூண்டுக்குள் நிற்கும் வெள்ளை லெக்ஹார்ன் 300-க்கு மேல் விடுகிறது, ஏனென்றால் அதற்கு அடையில் உட்காருகிற புத்தியையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். அடையில் உட்கார்ந்த கோழி முட்டை விடாது. உடம்பில் சுரக்கிற நீரே அப்படி. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

நான் செய்த தப்பு இங்கேதான். எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, 100 முட்டை பிடிக்கிற இன்குபேட்டர் ஒன்றையும் வாங்கினேன். கோழி அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்கி எடுத்து, காலில் துணியைக் கட்டி, அடையைத் தெளிய வைத்து மறுபடி முட்டைக்குத் திருப்பினேன். குஞ்சு கூட்டம் கூட்டமாகப் பொரித்தது, பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. கொஞ்ச வருசம் கழித்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தால், அந்த வருசத்துப் பெட்டைகளில் ஒழுங்காக அடைக்கு உட்கார்ந்தது மூன்றோ நாலோதான். உட்கார்ந்ததிலும் ஒன்று பத்தாம் நாள் எழுந்து போய்விட்டது, பன்னிரண்டும் கூமுட்டை.

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்து வருசத்துக்கு 45 முட்டை விடுகிறது. இன்னொன்று சரியாக உட்காராமல் 90 விடுகிறது. கொல்லையில் தானே அடைகாத்துப் பிள்ளை வளர்க்கிற வாழ்க்கை என்றால் இரண்டாவது பெட்டைக்கு வாரிசே மிஞ்சாது. இன்குபேட்டருக்குள் போனால் அதற்குத்தான் இரண்டு மடங்கு வாரிசு. நான் யாரையும் பொறுக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்குபேட்டர் எனக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அடைகாக்கிற குணத்துக்கு எதிராக, ஒவ்வொரு தடவையும். இதில் குஞ்சு பல்பு வெளிச்சத்தில் வளர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருந்துக்கு ஒளியத் தெரியாத குஞ்சும் அங்கே பிழைத்துவிடும், பிழைத்துப் பெரிசாகி அதுவும் முட்டை விடும். ஒரே தலைமுறையில் எல்லாம் அழிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு தாயாகாது என்பதெல்லாம் கட்டுக்கதை. அவசரத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். அதையே வழக்கமாக்கினால்தான் சனியன்.

பெட்டைப் பக்கம் இப்படி என்றால், சேவல் பக்கம் நம் பழக்கவழக்கமே எதிரி. வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் எந்தச் சேவலை அடிப்போம்? கூட்டத்தில் பெரிசாக, நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறதைத்தான். கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுவதும் ஊனமில்லாத நல்ல சேவலைத்தான், நோஞ்சானைச் சாமிக்குக் கொடுக்க முடியுமா? கடைசியில் பெட்டைகளோடு சேர மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத ஒரு மெலிந்த சேவல். நெல்லில் நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிற அதே வீட்டில், கோழியில் நல்லதைத் தின்றுவிட்டு மிச்சத்தை விதைக்கு விடுகிறோம். இதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு இந்தக் கோழி இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், பழைய ஊர் ஏற்பாடுதான். வாரத்துக்குக் கோழி விடுவது என்று ஒன்று இருந்தது. ஒரு வீட்டுப் பெட்டையை இன்னொரு வீட்டில் வளர்க்கக் கொடுத்து, பொரித்த குஞ்சைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது. அடைக்கு உட்கார்ந்த கோழி ஒரு வீட்டிலும் முட்டை வேறொரு வீட்டிலும் இருந்தால் முட்டை கைமாறும். கட்டிக்கொடுத்த மகள் ஊருக்குத் திரும்பும்போது கூடையில் இரண்டு வெடைக்கோழி போகும். யாரும் மரபியல் படிக்கவில்லை, ஆனால் ரத்தம் ஓர் இடத்தில் தேங்காமல் பத்து ஊருக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போது அந்தச் சுற்று அறுந்து, தனித்தனிப் பண்ணைக்குள் வேலி போட்டு வளர்க்கிறோம். வேலிக்குள் வந்த உடனே ஒரு கணக்கு நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

கணக்கு எளிதுதான். சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை இன்னொரு 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் மரபணு அளவில் உங்களிடம் உண்மையாக எத்தனை கோழி இருக்கிறது என்பது. 1 சேவல், 10 பெட்டை என்றால் 40-ஐ 11-ஆல் வகுத்து மூன்றரை சொச்சம். பதினொரு உருப்படி மேய்கிறது, கணக்கில் நாலுகூட இல்லை. சரி, பெட்டையைக் கூட்டினால் ஆகுமா? 1 சேவலுக்கு 100 பெட்டை வைத்தாலும் விடை 4-ஐத் தாண்டாது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு உள்ரத்தம், அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்வது, எவ்வளவு ஏறும் என்பதற்கு, 1-ஐ அந்த விடையின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். மூன்றரைக்கு ஏறத்தாழ 14 சதவீதம். இரண்டு மூன்று தலைமுறையில் கூமுட்டை கூடும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும், பொரித்தது நோஞ்சானாக நிற்கும். "தீவனம் சரியில்லை, தடுப்பூசி சரியில்லை" என்று ஊரெல்லாம் பழி போடுவோம்.

உலக அளவில் பொதுவாகச் சொல்கிற பாதுகாப்பு அளவு 50. ஒரு தலைமுறைக்கு 1 சதவீதம் என்பதோடு நிறுத்த அது வேண்டும். அதற்கு 15 சேவலும் 75 பெட்டையும் இருந்தால் கச்சிதமாக 50 வருகிறது. தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது, அதிலும் 15 சேவலை ஒரே கொல்லையில் விட்டால் விடிவதற்குள் ரத்தக்களரி. அதனால் ஐந்தாறு வீடாகச் சேர்ந்து பிரித்து வைத்துக்கொள்வதுதான் வழி. முறை இதுதான்: பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும், சேவல்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு, கடைசி வீட்டுது சுற்றி முதல் வீட்டுக்கு. எப்போதும் ஒரே திசையில். நம்ம ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு, எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளை! குழப்பம் வராமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கால் வளையம் போட்டுவிட்டால் போதும், பெரிய பதிவேடு எல்லாம் தேவையில்லை.

பதிவேட்டில் எழுத வேண்டியது வேறு. எந்தப் பெட்டை, எத்தனை முட்டையில் உட்கார்ந்தது, எத்தனை பொரித்தது, இரண்டு மாசம் கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது. கடைசி எண்தான் முக்கியம். பதினைந்து பொரித்து மூன்றைக் காப்பாற்றிய தாயைவிட, ஒன்பது பொரித்து ஏழைக் காப்பாற்றிய தாயின் மகனைத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சேவலுக்கு அடைகாக்கத் தெரியாது, ஆனால் தாயின் குணத்தைச் சுமந்துகொண்டு போவது அதுவும்தான்.

இத்தனை பாடு எதற்கு, விதைநெல்லை வங்கியில் வைக்கிற மாதிரி உறையவைத்து வைக்க முடியாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கோழியில் அது அவ்வளவு சுலபமில்லை. மாட்டுக்கு விந்தை உறையவைத்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சேவலின் விந்தைக் கிளிசரால் சேர்த்து உறையவைக்கலாம், ஆனால் அந்தக் கிளிசராலை எடுக்காமல் பெட்டைக்குச் செலுத்தினால் கரு தரிக்காது. முட்டையை உறையவைக்கவே முடியாது, அவ்வளவு பெரிய மஞ்சள் கரு. கருவில் பின்னால் விந்தாகவும் முட்டையாகவும் மாறப்போகிற ஆதி உயிரணுக்களைத் தனியே எடுத்துச் சேமிக்கிற வேலையை எடின்பரோவில் ரோஸ்லின் ஆய்வகத்தார் செய்துகாட்டியிருக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் கொல்லையில் கோழி இருக்கும்வரை கொல்லைதான் மலிவான வங்கி.

நோய் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் பாவம். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். வெயில், பசி, பூச்சி எல்லாம் தாங்கும், உண்மைதான். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மூன்று நாளில் கூடு காலி. குமாவுன் மலையில் ராணிக்கெட் என்ற ஊரில் 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் கண்டறிந்ததால் அந்த ஊர்ப் பேரே நோய்க்கு வந்துவிட்டது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. பிப்ரவரியில் கால்நடை மருந்தகத்தில் முகாம் போட்டுப் போடுவார்கள், காசு கிடையாது. மருந்து கொடுத்தால் இனத்தின் வலு போய்விடும் என்று விவாதம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 90 உருப்படி வைத்திருக்கிற ஒரு கூட்டத்தில் 85 செத்தால், மிஞ்சுகிற ஐந்தை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், என் பதில் அதிலேயே இருக்கிறது.

வியாபாரம் இதைக் காப்பாற்றுமா? எனக்கு நம்பிக்கை குறைவு. கருங்கோழி என்று நாம் சொல்கிற கடக்நாத்துக்கு 2018-இல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் பேரில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கருப்பு நிறம் கலப்பிலும் தெரியும் என்பதால் எது அசல் எது கலப்பு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமுவோடு சேர்த்து நாட்டுக்கோழி வளர்ப்பு என்றும் பணம் கட்டி ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் கொடுக்கிற நந்தனம் கோழி, நாமக்கல் கோழி, ஐதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா எல்லாம் கொல்லைக்கு நல்ல கோழிகள்தான், வருமானத்துக்கு வளர்க்கிறவர் தாராளமாக வளர்க்கலாம். அவற்றின் சேவலைச் சிறுவிடைக் கூட்டத்துக்குள் விடாமல் இருந்தால் சரி. முதல் கலப்பில் எடை ஏறும், கை நிறையக் காசு வரும், அந்த ஆசையில்தான் பல ஊரில் சிறுவிடை கரைந்துபோனது.

இன்குபேட்டரை விற்கவில்லை, பரணில் கிடக்கிறது. இப்போது நாங்கள் ஐந்து வீடு, எல்லாம் ஒரு மைல் சுற்றளவுக்குள். இந்தத் தையில் எங்கள் வீட்டு சாம்பல் நிறப் பெட்டை பதிமூன்று முட்டையில் உட்கார்ந்து பதினொன்று பொரித்தது. கீரி ஒன்று, பருந்து ஒன்று, பக்கத்து வீட்டு நாய் ஒன்று போக எட்டு நிற்கிறது. அதில் செவலைச் சேவல்குஞ்சு ஒன்றுக்கு நேற்றுத்தான் பச்சை வளையம் மாட்டினேன். ஆடிக்கு முன்னால் சித்தப்பா வீட்டுக்குப் போகவேண்டிய மாப்பிள்ளை. அதுவரை விருந்தாளி யாரும் கண்ணில் அதைக் காட்டக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.